லாரி வராத ஒரு மணி நேரம்

என் கணவரும் மகளும் சைக்கிளில் ஒரு சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்குள் போய்விட்டார்கள். இன்னும் சற்று நேரத்தில் அங்கே வெடி வைக்கப் போகிறார்கள். இந்த இரண்டும் ஒன்றாக எனக்குத் தெரியவந்தபோது, இடுப்பில் கைக்குழந்தையான சின்னவனோடு ஒரு டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். அவர்களைக் கூப்பிட வழியில்லை.

இதைப் படிக்கும் என் சகோதரிகளுக்கு ஸலாம். எனக்கு மேடையில் பேச வராது, எழுதவும் பழக்கமில்லை. ஆனால் அன்று அல்லாஹ் எனக்குச் செய்ததை நான்கு பேருக்குச் சொல்லாமல் இருந்தால் நன்றி கெட்டவளாகிவிடுவேன் என்ற பயத்தில் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் லப்பைக்குடிக்காடு. என் கணவர் ஷார்ஜாவில் வேலை பார்க்கிறார். அங்கே வெள்ளிக்கிழமை காலையில் வெள்ளைக்காரர்கள் கார் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு புறப்படுவார்களாம். ஏதாவது மலை, கடல் என்று நல்ல இடம் வந்தால் காரை நிறுத்திவிட்டு, குடும்பத்தோடு மிதிப்பார்களாம். அதைப் பார்த்துப் பார்த்து இவருக்கு ஆசை வந்துவிட்டது. 2005 டிசம்பரில் லீவில் வரும்போதே திட்டத்தோடு வந்தார். கோழிக்கோடு கடற்கரையில் ஆரம்பித்து, ஓம்னி வேனில் நாட்டின் குறுக்கே வந்து காரைக்கால் கடலில் முடிக்க வேண்டும். வழியில் எங்கெல்லாம் பார்க்க நன்றாக இருக்கிறதோ அங்கெல்லாம் அவரும் எங்கள் மகள் ரிஸ்வானாவும் சைக்கிள் ஓட்ட வேண்டும். ரிஸ்வானா அப்போது நாலாம் வகுப்பு. அரையாண்டு விடுமுறை. வேன் ஓட்ட என் அண்ணன்.

என் மாமியார் கேட்டுவிட்டு, "சைக்கிள் மிதிக்கவா ஷார்ஜாவுலேருந்து வந்தே? ஏன் சைக்கிள்னு பக்கத்து வூட்டுல கேட்டா வேன் ரிப்பேருன்னு சொல்லிக்கிறேன், போ," என்றார்.

நல்ல பாதையைக் கண்டுபிடிக்க இவருக்கு ஒரே ஒரு முறைதான். டீக்கடையில் கேட்பது. "இந்தப் பக்கம் லாரி வராத, பார்க்க அழகான ரோடு இருக்கா?" என்பார். முதலில் சிரிப்பார்கள். பிறகு கடையில் உள்ள எல்லோரும் சேர்ந்து யோசிப்பார்கள். பாலக்காட்டில் வயலுக்கு நடுவே ஒரு ரோடு கிடைத்தது. குளித்தலைக்குப் பக்கத்தில் வாய்க்கால் கரை. அவர்கள் வழி சொன்னதும் என் கேள்விகள் தொடங்கும். நாய் உண்டா, பாலம் உண்டா, வாய்க்கால் எவ்வளவு ஆழம், இடையில் வீடுகள் இருக்கின்றனவா. "விசாரணைக் கமிஷன் ஆரம்பிச்சாச்சு," என்று இவர் ரிஸ்வானாவிடம் கண்ணடிப்பார். எனக்கே வெட்கமாக இருக்கும். இத்தனை பயப்படுகிறோமே, நம் ஈமானில், இறைநம்பிக்கையில், குறை இருக்கிறதோ என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் நினைப்பேன்.

ஊருக்கு வந்து ஒரு நாள் தங்கிவிட்டு மறுபடி கிளம்பினோம். அந்த வருடம் மழை கொட்டித் தீர்த்திருந்தது. கரைவெட்டி ஏரி நிரம்பி, எங்கிருந்தெல்லாமோ பறவைகள் வந்திருப்பதாகச் சொன்னார்கள். அரியலூரைத் தாண்டியதும் இவர் வழக்கம்போல ஒரு டீக்கடையில் இறங்கினார்.

அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் போகும்போது கடையின் கண்ணாடி பாட்டில்கள் நடுங்கின. இங்கே மட்டும் வேண்டாம் என்று நான் சொல்லிவிட்டேன். கடைக்காரர் பெரியவர். என் முகத்தைப் பார்த்து அவரே சமாதானம் சொன்னார். மெயின் ரோட்டில் போக வேண்டாம், கொஞ்ச தூரத்தில் இடது பக்கம் ஒரு மண்பாதை பிரிகிறது, பழைய சுரங்கப் பள்ளத்தை ஒட்டிப் போய் அந்தப் பக்கத்து ஊரில் ஏறிவிடலாம், பள்ளத்தில் தண்ணீர் பச்சையாக நிற்கும், கண்ணுக்கு அவ்வளவு நன்றாக இருக்கும் என்றார்.

"லாரி?" என்று கேட்டேன்.

"மணி ஒண்ணாவப் போவுதும்மா. இனிமே ரெண்டு மணி வரைக்கும் அந்த ரோட்ல ஒரு லாரி வராது. தைரியமா அனுப்பு."

அந்தச் சொல்லில்தான் என் மனம் அடங்கியது. எனக்கு இருந்த பெரிய பயமே லாரிதான். தண்ணீருக்குப் பக்கத்தில் போகக் கூடாது என்று ரிஸ்வானாவிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். இவர் செல்போன் கீழே விழுந்துவிடும் என்று வேனிலேயே வைத்துவிட்டார். இரண்டு பேரும் புறப்பட்டார்கள். திருப்பத்தில் ரிஸ்வானா மணியடித்துவிட்டு மறைந்தாள். நாங்கள் மெயின் ரோட்டில் சுற்றிப் போய் அந்த ஊரில் காத்திருப்பதாக ஏற்பாடு.

சின்னவனுக்கு பிஸ்கட்டை நனைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மனதில் ஏதோ உறுத்தியது. இது வேலை நாள். மெயின் ரோட்டில் இத்தனை லாரி ஓடுகிறது. அந்தப் பாதையில் மட்டும் ஏன் ஒரு மணி நேரம் ஓடாது? சாப்பாட்டு நேரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேனில் ஏறி உட்கார்ந்தேன். திரும்பவும் இறங்கினேன். "பாவம் அந்தப் பெரியவரு, விட்டுடும்மா," என்றார் அண்ணன். இருந்தாலும் போய்க் கேட்டேன்.

"ஏங்க பெரியவரே, லாரி ஏன் வராது?"

"வெடி வைக்கிற நேரம்லம்மா," என்றார் அவர், டீயை ஆற்றிக்கொண்டே. பிறகு அவர் கை அப்படியே நின்றது. "ஏம்மா, சங்கு ஊதுனா நின்னுக்கணும்னு அவருக்குத் தெரியும்ல?"

தெரியாது. எங்கள் ஊரில் சுரங்கம் கிடையாது. அவருடைய ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் என்பதால் அதை எங்களிடம் தனியாகச் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. அவர் மேல் தப்பு இல்லை. லாரியைப் பற்றிக் கேட்டோம், லாரியைப் பற்றிச் சொன்னார்.

அப்போதுதான் முதல் சங்கு ஊதியது.

அண்ணன் வேனை அந்த மண்பாதையில் விட்டார். சிறிது தூரத்திலேயே பாதையின் குறுக்கே மூங்கில் கட்டியிருந்தது. சிவப்புக் கொடியோடு ஒரு ஆள் கையை நீட்டி நிறுத்தினார். உள்ளே யாரும் போகக் கூடாது என்றார். ஏற்கெனவே போய்விட்டார்கள் என்றேன். அவர் நம்பவில்லை. "நான் வந்து கட்டுனதுக்கு அப்புறம் ஒருத்தரும் போவலம்மா," என்றார். அதற்கு முன்னால் போயிருக்கிறார்கள், சைக்கிளில், சின்னப் பிள்ளை என்று சொல்ல முயன்றேன். அண்ணன் கீழே காட்டினார். ஈர மண்ணில் இரண்டு டயர் தடம், மூங்கிலுக்கு அடியில் புகுந்து நேராக உள்ளே போயிருந்தது.

அந்த ஆளின் முகம் மாறியது. மூன்று சங்கு ஊதுவார்களாம். மூன்றாவது சங்கு முடிந்ததும் வெடி. வெடி போடுகிறவர் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், மேட்டுக்குப் பின்னால் இருக்கிறார். இங்கிருந்து கத்தினால் கேட்காது. அந்த ஆள் கொடியைத் தலைக்கு மேல் ஆட்டிக்கொண்டு ஓடினார். அண்ணனும் பின்னால் ஓடினார். நான் நின்றேன். பிள்ளையை இறக்கிவிட முடியாது, தூக்கிக்கொண்டு ஓடவும் முடியாது.

இரண்டாவது சங்கு ஊதியது.

சகோதரிகளே, அப்போது நான் கேட்ட துஆ அழகான துஆ இல்லை. தொழும்போது நோக்க வேண்டிய மேற்கு எது என்றுகூடப் புத்தியில் ஏறவில்லை. சின்னவனை மடியில் போட்டுக்கொண்டு அந்த வெள்ளை மண்ணில் உட்கார்ந்தேன். யா அல்லாஹ், பிள்ளையைக் காப்பாற்று என்றேன். உடனே, கணவரைக் கேட்காமல் விட்டேனே, அவரை விட்டுக்கொடுத்ததாக ஆகிவிடுமோ என்று நடுங்கினேன். இல்லை ரப்பே, இரண்டு பேரையும் என்றேன். பிறகு, பேராசைப்படுகிறேனோ என்று பயம். அல்லாஹ்விடமும் ஒரு சொல்லைச் சொல்லி, அதைத் திரும்ப வாங்கி, மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கடைசியில் எந்தச் சொல்லும் மிச்சமில்லை. நெற்றியை மண்ணில் வைத்தேன். "என்னால முடியல. நீ பாத்துக்க." இவ்வளவுதான் சொன்னேன். தமிழில், வீட்டில் பேசுகிற மாதிரியே சொன்னேன்.

மூன்றாவது சங்குக்காகக் காதைக் கொடுத்திருந்தேன். வரவில்லை. ஒரு காகம் கத்தியது. சின்னவன் என் காது வளையத்தைப் பிடித்து இழுத்தான். வரவில்லை.

பிறகு நீளமாக ஒரு சங்கு ஊதியது. முடிந்தது என்று பிள்ளையின் மேல் கவிழ்ந்து அவன் காதைப் பொத்தினேன். பூமி அதிரவில்லை. சத்தமும் இல்லை. தலையைத் தூக்கியபோது கொடிக்கார ஆள் மூச்சு வாங்கத் திரும்பி வந்துகொண்டிருந்தார். "பயப்படாதம்மா. இது வெடி சங்கு இல்ல, நிறுத்தச் சொல்ற சங்கு. நாங்க போறதுக்கு முன்னயே வெடி போடுறவரே அவங்களப் பாத்துட்டாரு."

சற்று நேரத்தில் பாதையில் அவர்கள் வந்தார்கள். அண்ணன் ஒரு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். இவர் இன்னொன்றைத் தள்ளிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி வந்தார். ரிஸ்வானாவின் கையைப் பிடித்துக்கொண்டு காக்கிச் சட்டை போட்ட ஒருவர் வந்தார். பெயர் பழனிவேல். வெடி போடுகிறவர் அவர்தான்.

"சங்கு கேக்கலையான்னு உங்க வூட்டுக்காரரத் திட்டிட்டேன்மா, மனசுல வச்சுக்காதீங்க," என்றார். இவருக்குச் சங்கு கேட்டிருக்கிறது. சிமெண்ட் ஆலையில் சாப்பாட்டுக்கு ஊதுகிறார்கள் என்று மகளுக்கு விளக்கமும் சொல்லியிருக்கிறார். இரண்டு பேரும் ஒரு வளைவுக்குப் பின்னால் நின்று பச்சைத் தண்ணீரை வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். வெடிமருந்து நிரப்பிய குழிகள் அந்த வளைவுக்கு நேர் கீழே இருந்தன.

நீங்கள் எப்படி அங்கே வந்தீர்கள் என்று பழனிவேல் அவர்களைக் கேட்டேன். அவர் தலையைச் சொறிந்தார்.

"எல்லாம் பாத்து முடிச்சு மறைவுக்கு வந்துட்டேம்மா. ரெண்டாவது சங்கும் ஊதியாச்சு. அப்புறம் என்னமோ மனசு ஒப்பல. அந்த வளைவுக்குப் பின்னால நான் போயிப் பாக்கிறதே இல்ல, அங்க ஆளு வர்ற சோலி கிடையாது. மேட்டுல ஏன் ஏறுனேன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியல."

அவருக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரியும். அவர் மனம் ஒப்பாமல் போன நேரமும் என் நெற்றி மண்ணில் இருந்த நேரமும் ஒன்றுதான். சுரங்கத்தில் எல்லோரும் இரண்டு முறை பார்ப்பது வழக்கம்தான் என்று அண்ணன் பிறகு சொன்னார். இருக்கட்டும். அந்த வளைவுக்குப் பின்னால் அவர் அதுவரை போனதில்லை.

எங்களை மூங்கிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு அவர் திரும்பிப் போனார். மறுபடியும் மூன்று சங்கு ஊதியது. வெடி போட்டபோது அதிர்வு கால் வழியாக ஏறி நெஞ்சில் இடித்தது. வளைவுக்கு மேலே வெள்ளைப் புகை எழுந்தது. ரிஸ்வானா என் முந்தானையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டாள். இவர் சைக்கிளை வேன் மேல் ஏற்றிக் கட்டப் பார்த்தார். பாதியிலேயே கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பினார். "போதும், வூட்டுக்குப் போயிடலாம்," என்றார். ரிஸ்வானா அழத் தொடங்கினாள்.

அரியலூருக்கே திரும்பி, சொந்தக்காரர் வீட்டில் இறங்கினோம். அங்கே மதியத்து லுஹர் தொழுதுவிட்டு, ஷுக்ருக்காக, நன்றி சொல்ல, தனியாக நெற்றியைத் தரையில் வைத்து ஸஜ்தா செய்தேன். அந்த ஸஜ்தாவில்தான் எனக்கு ஒன்று விளங்கியது. இதுவரை என் பயத்தைப் பெரும் குறையாக நினைத்து வெட்கப்பட்டேன். வேனிலிருந்து என்னை இறக்கி, ஏன் என்று கேட்க வைத்தது அந்த மனம்தான். ஒரு முறை பார்த்தது போதாது என்று பழனிவேல் அவர்களை மேட்டில் ஏற்றியதும் அதே போன்ற ஒரு மனம்தான். அந்த மனத்தைத் தந்தவனே அதற்கு எல்லையும் வைத்திருக்கிறான். விசாரிப்பது வரைக்கும் என் வேலை. அதற்குப் பிறகும் நானே பிடித்துக்கொண்டிருந்தால், அவனுடைய வேலையில் கை வைக்கிறேன் என்று அர்த்தம்.

வெளியே வந்து, நாளைக் காலையில் கரைவெட்டிக்குப் போகிறோம் என்று சொன்னேன். இவர் என்னை நம்பாமல் பார்த்தார்.

மறுநாள் ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறவர்களிடம் என் விசாரணையை முழுதாக நடத்தினேன். கரை எங்கே இடிந்திருக்கிறது, மாடு வருமா, வண்டி வராது என்றால் ஏன் வராது. அவர்களில் ஒருவர், "ஏம்மா, கரைய வெலைக்கு வாங்கப் போறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். இவர் சிரிக்கவில்லை. நான் கேட்டு முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்று ஒவ்வொரு பதிலையும் கேட்டுக்கொண்டார். இன்று வரை அப்படித்தான் நிற்கிறார்.

ரிஸ்வானா ஏறி உட்கார்ந்தாள். தண்ணீர் முழுக்கப் பறவைகள். அவள் சைக்கிளின் பின் கேரியரை நான் பிடித்திருந்தேன். காவலுக்காகக் குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி ஓதி அவள் முதுகில் ஊதினேன். இவர் முன்னால் கொஞ்ச தூரம் போய் நின்று திரும்பிப் பார்த்தார். "அம்மா, விடுங்க," என்றாள்.

கணவர் கடல் கடந்து இருக்கிறார் என்றும், பிள்ளை விடுதியில் இருக்கிறது என்றும் தூக்கம் இல்லாமல் கிடக்கும் சகோதரி ஒருத்தி இதைப் படிக்கலாம். உங்களுக்குச் சொல்கிறேன். கேட்க வேண்டியதைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பார்க்க வேண்டியதை இன்னொரு முறையும் பாருங்கள். பிறகு அவனிடம் கொடுங்கள். துஆ திக்கினாலும், மாற்றி மாற்றிக் கேட்டாலும் அவனுக்குப் புரியும். எனக்குக் கொடுத்தவன் உங்களுக்கும் கொடுப்பான்.

நான் கையை எடுத்தேன். அவள் போனாள்.