சித்திரையில் வந்த தண்ணீர்

எங்கள் வாய்க்காலில் தண்ணீர் வரும் நாளையும் நிற்கும் நாளையும் பள்ளிக்காலம் முதல் டைரியில் குறித்து வருகிறேன். அப்படிப்பட்ட நான்தான் இந்தத் தவறைச் செய்தேன்.

எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் எனக்கு மதிப்பெண் மிகக் குறைவு. ஆனாலும் தஞ்சாவூரில் ஒரு கல்லூரிக்கு விண்ணப்பித்தேன். மதிப்பெண் குறைந்த காரணத்தைக் கேட்டிருந்த இடத்தில் ஒரு கதை எழுதினேன். தேர்வன்று காலை எங்கள் குத்தகை நிலத்துக்கு வரும் வாய்க்கால் தண்ணீரை மேல்மடைக்காரர்கள் மறித்தார்கள், அப்பாவுக்குத் துணையாக மடையில் நின்றதால் தேர்வுக்குத் தாமதமாகப் போனேன் என்று. எழுத எழுத, நுரைத்து வரும் தண்ணீர் என் கணுக்காலைத் தொட்டது. நானே நம்பிவிட்டேன்.

நேர்காணலில் ஒரு பேராசிரியை அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி, எனக்கு ஒரத்தநாடு பக்கம். பரீட்சை நடந்தது சித்திரையில. தை மாசமே ஆத்த அடைச்சுட்டாங்க. உங்க வாய்க்காலுக்கு மட்டும் தண்ணி எங்கேருந்து வந்துச்சு?"

"வரலைங்க மேடம்."

"அப்ப மார்க் ஏன் போச்சு?"

"கணக்கு வரலைங்க."

அவர் சிரித்துவிட்டார். "இதையே எழுதியிருக்கலாமே! இதுக்குப் போயி மேட்டூரையா தொறந்தீங்க?"

அந்த ஆண்டு இடம் கிடைக்கவில்லை. கணக்கை ஒழுங்காகப் படித்து, மறு ஆண்டு அங்கேயே சேர்ந்தேன்.

அந்த முதல் நேர்காணல் முடிந்து திரும்புகையில் பாலத்தருகே பஸ்ஸிலிருந்து இறங்கி ஆற்றுக்குள் நடந்தேன். வெயிலில் மணல் அலையலையாக மின்னியது. தூரத்தில் அது தண்ணீர் போலவே இருந்தது. நடக்க நடக்க விலகிக்கொண்டே போனது. வீட்டுக்கு வந்து டைரியில் எழுதினேன்: இன்று ஆற்றில் தண்ணீர் இல்லை.

தண்ணீர் இல்லாத நாளை நான் குறித்தது அதுதான் முதல்முறை.