கிளாரி அழித்த மேடு

கிளாரி ஹாஜ்கின்ஸ் அந்த மேட்டு நிலத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அவருக்கு நிறுத்தத் தெரியாது. லேக் கிரேஸ் என்ற ஊர்ப் பக்கம் அரசு அவருக்குக் கொடுத்த நிலத்தில் முதன்முதலாகக் காடழித்தது அங்கேதான். 1961. அன்றைய மாநில அரசின் நிபந்தனை அப்படி: வருஷத்துக்கு இத்தனை ஏக்கர் அழித்தாக வேண்டும், இல்லையென்றால் நிலம் கைவிட்டுப் போகும். இரண்டு டிராக்டருக்கு நடுவே கப்பல் சங்கிலியைக் கட்டி இழுத்தால் மரங்கள் மளமளவென்று சாயும். மண்ணுக்குள் கிடக்கும் வேர்க்கட்டைகளைத்தான் கையால் பொறுக்க வேண்டும். அவருடைய புது மனைவி தெல்மா தலையில் ஈரத்துணி கட்டிக்கொண்டு கூடவே பொறுக்கினாள். மத்தியானம் வேர்க்குவியல் நிழலில் உட்கார்ந்து, ஆறிப்போன ஆட்டுக்கறி வைத்த ரொட்டியைத் தின்பார்கள். தகரக் கொட்டகைதான் வீடு. அந்த மாதிரி சந்தோஷமான நாட்கள் அப்புறம் வரவேயில்லை. முதல் கோதுமை இடுப்பளவு நின்றபோது இருவரும் அதற்குள் படுத்து வானம் பார்த்தார்கள். நல்ல வேளை, அக்கம்பக்கம் யாருமில்லை.

முப்பது வருஷம் கழித்து, மேட்டுக்குக் கீழே இருந்த பள்ளத்தில் உப்பு பூத்தது. முதலில் தட்டகலம், பிறகு நாலு ஏக்கர். கிளாரி சும்மா இருப்பாரா? அந்த உப்பிலேயே கொண்டுபோய் நானூறு கன்று நட்டார். ஊரே செய்த தப்புதான் அது. நானூறும் கருகின.

அப்புறம்தான் அதே மாநில அரசின் மரம் வளர்ப்புத் திட்டத்திலிருந்து ஜனீன் வந்தாள். கன்று இலவசம், வேலிக்குப் பாதிச் செலவும் தருவார்களாம். சமையலறை மேசையில் வரைபடத்தை விரித்து, மேட்டு நிலத்தின் மேல் விரலை வைத்தாள்.

"இங்கதான் நடணும், கிளாரி. உப்பு தெரியறது கீழ, ஆனா மழைத்தண்ணி இறங்கறது மேல. முன்னாடி அதை மரம் குடிச்சிட்டிருந்துச்சு. இப்ப குடிக்க ஆளில்ல. அடியிலயே ஊறி, மண்ணுக்குள்ள கிடக்கற உப்பையும் தூக்கிட்டுப் பள்ளத்துல வருது."

"அது என் நல்ல கோதுமை நிலம்மா! அழிக்கலைன்னா புடுங்கிக்குவோம்னு மிரட்டினது உங்க கவர்மென்ட்டுதான். இப்ப நடச் சொல்லி வந்து நிக்கறீங்க. நல்லா இருக்கு உங்க நியாயம்!"

"நான் அப்ப பொறக்கவே இல்லையே!" என்று ஜனீன் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "நடலைன்னா இன்னும் பத்து வருஷத்துல உப்பு உங்க வீட்டு வாசலுக்கு வந்துடும்."

கிளாரி அரைமனதாக, ஓரமாய் நாலு வரிசைக்கு மட்டும் சம்மதித்தார். ஜூன் மழை பெய்து ஓய்ந்ததும் தெல்மாவோடு போய், குச்சிகளை ஊன்றி எல்லை குறித்தார். குறித்துவிட்டு வண்டியில் சாய்ந்து நின்றவருக்கு அழுகை முட்டியது. எதற்கென்று அவருக்கே தெரியவில்லை.

"தப்பு பண்ணிட்டோமா, தெல்மா? நமக்கு அப்ப தெரியாதே."

தெல்மா பிளாஸ்கிலிருந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். "தெரிஞ்சிருந்தா மட்டும் விட்டிருப்பியாக்கும்? நீ விட்டாலும் நான் விட்டிருக்க மாட்டேன். எனக்கு ஒரு வீடு வேணும்னு இருந்துச்சு, கிளாரி."

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு போய்க் குச்சிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, மேட்டின் அந்தக் கோடி வரை நடந்து, மொத்த நிலத்தையும் வளைத்து ஊன்றினார்.

திரும்பி வரும்போது மூச்சு வாங்கியது. "அந்தப் பொண்ணுக்குப் போன் போடணும்," என்றார். "கன்னு பத்தாது."