தங்கை மகளின் முழு விவரம்

தங்கை மகளுக்கு வரன் தேடும் பொறுப்பை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அவள் பதுளை நகரில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். மாலையில் பஸ் பிடித்துத் தேயிலைத் தோட்டத்து வீட்டுக்குத் திரும்புவாள்.

வரன் பார்ப்பதற்கென்று எங்கள் ஆட்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மற்றவர்கள் படமும் நட்சத்திரமும் மட்டும் போடுவார்கள். எனக்கு அரைகுறை பிடிக்காது. பிறந்த தேதி, நேரம், விலாசம், தொலைபேசி எண், கடையின் பெயர் என்று வரிசையாக எழுதினேன். மாப்பிள்ளை வீட்டார் முறைப்படி வருமுன், பெண்ணுக்குத் தெரியாமல் தூரத்தில் நின்று ஒருமுறை பார்த்துப்போவது எங்களில் வழக்கம். பிடிக்காவிட்டால் யாருக்கும் மனக்கஷ்டமில்லை. அவர்கள் அலைய வேண்டாமென்று, அவள் பஸ் ஏறும் இடத்தையும் நேரத்தையும் கடைசி வரியில் சேர்த்தேன்.

அனுப்புமுன் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன்.

"அண்ணே, நீங்க எழுதுனா பஞ்சாங்கம் தோத்துரும்" என்று சிரித்தாள்.

மகளிடம் கேட்க எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை.

சில வாரங்களில் அவளே என் வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

"மாமா, பஸ் ஸ்டாண்ட்ல ஒரு ஆளு. நீங்க ரோகிணி நட்சத்திரந்தானேன்னு கேக்குறான்."

"மாப்பிள்ளை வீட்டு ஆளா இருக்கும்மா."

"அவன்தான் மாப்பிள்ளைன்னா, மாப்பிள்ளைக்கே அம்பது வயசு இருக்கும் போல! தெனமும் என் பஸ்லயே ஏறுறான். நான் பொறந்த நேரம் அம்மாவுக்கே மறந்துபோச்சு, அவன் நிமிஷத்தோட சொல்றான். யாரு மாமா குடுத்தது?"

போனை நீட்டினேன். கடைசி வரி வரை வாசித்தாள்.

"பஸ் நேரங்கூட சரியா இருக்கு" என்றாள்.

குழுவில் எல்லோரையும் குறிப்பை அழிக்கச் சொன்னேன். அது அதற்குள் எத்தனையோ குழுக்களுக்குப் போயிருந்தது. பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது, விவரம் எப்படி வெளியே போனதென்று கேட்டார்கள். அவள் என் பக்கம் திரும்பாமல், "வீட்ல உள்ளவங்க போட்டது" என்றாள். என் பெயரைச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு கூசியிருக்காது.

அந்த ஆள் வருவது நின்றது. ஆனாலும் அவள் கடை வேலையை விட்டாள், எண்ணையும் மாற்றினாள்.

போன வாரம் மொனராகலையிலிருந்து பழைய சிநேகிதர் ஒருவர் அதே குறிப்பை எனக்கு அனுப்பினார். தன் மகனுக்குப் பார்க்கிறாராம். "உங்க பக்கத்துப் பொண்ணு, விசாரிச்சுச் சொல்லுங்க. எழுதுனவரு ரொம்ப ஒழுங்கான மனுஷன் போல" என்றும் எழுதியிருந்தார்.

தயவுசெய்து அதை அழித்துவிடுங்கள் என்றேன். உடனே அழைத்தார்.

"ஏங்க, பொண்ணுகிட்ட ஏதும் கொறையா?"

"இல்லைங்க. அவ என் தங்கச்சி மக. எழுதுனது நான். அவளைக் கேக்காம எழுதிட்டேன்."

அவர், "அப்ப இப்ப கேட்டுச் சொல்லுங்களேன்" என்றார்.

கேட்க என்னிடம் அவளுடைய புது எண் இல்லை. தங்கையிடம் இருக்கிறது. மாமாவுக்கு மட்டும் கொடுக்க வேண்டாம் என்று மகள் சொல்லியிருக்கிறாளாம்.