பச்சையாய்ப் போன நீலம்

பழைய வண்டிகளுக்குப் பெயின்ட் அடிக்கும் என் பட்டறைச் சுவரில் உள்ளங்கை அகலத் தகரம் ஒன்று ஆணியில் தொங்குகிறது. அதில் அடித்திருப்பது இளம்பச்சை. சந்தவாசல் பக்கமிருந்து வேலைக்கு வண்டி விட வருகிறவர்கள், "இன்னா வண்டிக்குங்க இந்தக் கலரு?" என்று கேட்பதுண்டு. கலவை என்னுடையது, குறை சொல்ல முடியாத கலவை. ஆனால் எந்த வண்டிக்காகக் கலந்தேனோ, அந்த வண்டி ஒருநாளும் அந்த நிறத்தில் இருந்ததில்லை.

அது ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரின் வண்டி. பழைய அம்பாசிடர். படவேட்டிலிருந்து அவர் மகன் கட்டி இழுத்துக்கொண்டு வந்தார். டீச்சரின் கணவர் மாட்டு டாக்டராக இருந்தவர். ஜவ்வாது மலை ஊர்களுக்கெல்லாம் அதில்தான் ஏறி இறங்கினார். ஒருமுறை வளைவில் பஸ்ஸோடு உரசியதும், யாரோ ஒரு பெயின்டர் பழைய பெயின்ட்டைத் தகரம் தெரியச் சுரண்டிவிட்டு வெள்ளை அடித்துக் கொடுத்திருக்கிறார். டாக்டர் இறந்தபின் வண்டி முற்றத்திலேயே நின்றுவிட்டது. தான் கல்யாணமாகி வந்தபோது இருந்த முதல் நிறம்தான் வேண்டும் என்றாராம் டீச்சர்.

"அம்மா நீலம்னு சொல்றாங்க. அவங்களுக்கு இப்பல்லாம் ஞாபகம் தப்புது. நீங்க வண்டியில இன்னா இருக்குதோ அதப் பாத்து அடிங்க" என்று மகன் தனியே சொன்னார்.

அவர் சொல்லாவிட்டாலும் நான் அப்படித்தான் செய்திருப்பேன். என் தொழிலில் சொந்தக்காரர் ஞாபகத்தை மரியாதையாகக் கேட்டுக்கொள்வோம், நம்ப மாட்டோம். அப்பா வண்டி சிவப்பு என்று அடித்துச் சொல்வார்கள். சீட்டுதான் சிவப்பாக இருந்திருக்கும். வெயில் படாத இடம்தான் எங்களுக்குச் சாட்சி. கதவு ரப்பரின் அடி, டேஷ்போர்டின் பின்புறம், இப்படி. இந்த வண்டியில் அவற்றையெல்லாம் துரு தின்றிருந்தது. பானெட்டின் உள்பக்கம் மட்டும் முதல் பெயின்ட் தப்பியிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தேன். அடியில் இளம்பச்சை. அதைப் பார்த்துப் பார்த்துச் சொட்டுச் சொட்டாகக் கலந்து, தகரத்தில் அடித்துக் காயவைத்து, காலை நிழலில் ஒட்டிவைத்துப் பார்த்தேன். எங்கே தகரம் முடிகிறது, எங்கே பானெட் தொடங்குகிறது என்று தெரியவில்லை. எனக்கே என் மேல் கொஞ்சம் பெருமை வந்தது.

டீச்சர் பஸ் பிடித்து வந்தார். குடையை மடக்கிவிட்டுத் தகரத்தைக் கையில் வாங்கினார். "இது இல்ல தம்பி" என்றார். நான் அதைப் பானெட்டோடு ஒட்டிக் காட்டினேன். அவர் வாயை அடைக்க வேண்டும் என்று இல்லை, காட்டுவது என் வழக்கம். தகரத்தையும் பானெட்டையும் மாறி மாறி விரலால் தடவிப் பார்த்தார்.

"எனக்கு ஞாபகம் தப்புதுன்னு எல்லாரும் சொல்றது சரிதான் போல. நீலமே இல்லன்னா, அவரப் பத்தி நான் நெனச்சிக்கினு இருக்கறதுல இன்னும் எதெதெல்லாம் இல்லையோ" என்றார்.

வண்டி வேலையில் இருக்கிறவனுக்கு இளகிய மனம் தோதுப்படாது. ஆனாலும் அவர் குடையை விரித்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. பெயின்ட் சரியாகத்தான் இருக்கிறது, அதற்குமேல் நான் என்ன செய்ய என்று வேலைக்குத் திரும்பினேன்.

அடிப்பதற்கு முன் பானெட்டில் திருகியிருப்பதையெல்லாம் கழற்ற வேண்டும். பானெட்டைத் தூக்கி நிறுத்தும் தாங்குகம்பியைப் பிடித்திருந்த பட்டையைக் கழற்றினேன். அதன் அடியில், கட்டைவிரல் அகலத்துக்கு, வெளிர்நீலம். பட்டையின் ஓரத்தைச் சுரண்டினால் மஞ்சளாக உதிர்ந்தது. பானெட்டின் ஓர மடிப்பில் குங்குமம் கெட்டியாக அப்பியிருந்தது. நான் பிசுக்கு என்று துடைத்தது எண்ணெயில் ஊறிய மஞ்சள். எஞ்சின் சூட்டில் வருஷக்கணக்காக நீலத்தில் இறங்கி, அதைப் பச்சையாக்கியிருக்கிறது.

மறுநாள் மகனோடு வந்து பார்த்த டீச்சர், முதலில் நம்பவில்லை. அவர்கள் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் வேதக்காரக் குடும்பம். ஆயுத பூஜைப் பொரியைக்கூட வாசலோடு திருப்பி அனுப்புகிறவர் டீச்சர். சுரண்டிய தூளை மோந்து பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தும் சிரிப்பு நிற்கவில்லை.

"மாட்டுப்பொங்கலுக்கு வருஷா வருஷம் மலைக்குப் போயிடுவாரு. சாயங்காலம் வூட்டுக்கு வந்தா கையெல்லாம் மஞ்ச வாசன. இன்னாங்க இதுன்னா, மாட்டத் தொட்டேன்னுவாரு. மாட்டுக்கு மஞ்ச குங்குமம் வைக்கற கையால மலைக்காரங்க வண்டிக்கும் வைக்க வந்திருப்பாங்க. வேணான்னு சொல்ல அவருக்கு வாய் வராது. எங்கிட்டயும் பயம். பானெட்டத் தூக்கி உள்ள வைங்கன்னு காமிச்சிருக்காரு, திருட்டு மனுஷன்!"

மகன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

வண்டியை வெளிர்நீலத்தில் முடித்தேன். பானெட்டின் உள்பக்கத்தை மட்டும் தொடக்கூடாது என்று டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். பழைய வண்டி வேலையில் அப்படி அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது. விட்டேன்.

போன மாதம் மகன் வண்டியைக் கொண்டுவந்தார். டீச்சர் முன்சீட்டில் இருந்தார். இப்போது நிஜமாகவே ஞாபகம் போய்விட்டது. என்னை அவருக்குத் தெரியவில்லை. மகனை யாரோ டிரைவர் என்று நினைத்து, வாங்க போங்க என்று பேசினார். கை பிடித்து இறக்கி நிழலில் உட்காரவைத்துவிட்டு, நான் பானெட்டைத் தூக்கி நிறுத்தினேன். அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"மலைலேர்ந்து வந்துட்டாரா தம்பி? கையக் கழுவிட்டு வரச் சொல்லுங்க. நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்."

வந்துவிட்டார் என்றேன். என் தலைக்குமேல் ஆணியில் அந்தத் தகரம் தொங்கிக்கொண்டிருந்தது.