ரோசக்காவின் நோட்டு

பேத்தியின் நோட்டுக்கு அட்டை போடும்போது எழுந்த பிரவுன் தாளின் வாசம், இன்று வீடுகளாகிவிட்ட எங்கள் உப்பளத்தில் என்னைக் கொண்டுபோய் விட்டது. எழுபதுகளின் அந்தக் கோடை முழுக்க, வெயில் ஏற ஏறப் பாத்தியில் உப்பு விளைந்துகொண்டே இருக்க, அம்மா வார, ரோசக்காவும் நானும் ஓலைப்பெட்டியில் சுமந்து கொட்ட, உப்பு அரித்த பாதங்களின் எரிச்சல் ஒருநாளும் அடங்கியதில்லை. ஜூனில் பள்ளி திறந்தபோதும் உப்பு ஓயவில்லை.

முந்தைய வருடம் பரீட்சையில் தவறியதால் அக்காவும் என் வகுப்புதான். வெடித்த விரல்களால் இருவர் நோட்டுகளுக்கும் அட்டை போட்டுப் பெயர் எழுதி வைத்திருந்தாள். அம்மா என்னை மட்டும் அனுப்பினாள்.

"ஏளா ரோசு, மழ விழட்டும், அளம் ஓஞ்சிரும். அப்புறம் பள்ளிக்கொடம் போ."

தினமும் வருகைப் பதிவில் அக்கா பெயர் வரும்போது, "அளத்துக்குப் போயிருக்கா டீச்சர்" என்று நான் எழுந்து சொல்வேன். ஆவணியில் ஒருநாள் அந்தப் பெயரைக் கூப்பிடவே இல்லை, பதிவேட்டில் அதை அடித்துவிட்டிருந்தார்கள்.

அன்று சாயங்காலம் அளத்தில், பெட்டியை இறக்கிவிட்டு வானத்தைப் பார்த்த அக்கா கேட்டாள்: "ஏளா, மேகம் கருக்குதா?"

ஒரு பொட்டு மேகம் இல்லை.

"லேசாக் கருக்குதுக்கா," என்றேன்.