தண்ணி பார்க்கப் போனவள்

அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டை ஒட்டியே தறிக்கூடம். எட்டுப் பவர்லூம். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் அந்தச் சத்தத்தில்தான் சமைப்போம், சாப்பிடுவோம், சண்டை போடுவோம். ஞாயிற்றுக்கிழமை தறி ஓடாது. ஆனாலும் என் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருக்கும்.

மூன்று வருடங்களுக்கு முன் மல்லாங்கிணற்றில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, பஸ்ஸைத் தவறவிட்டு, அடுத்த நிறுத்தம் வரை நடந்தேன். ரோட்டின் இரண்டு பக்கமும் மல்லிச்செடி பூத்திருந்தது. பாதி வழியில் சட்டென்று நின்றேன். காதுக்குள் சத்தமே இல்லை. அன்றிலிருந்து மாதத்தில் இரண்டு ஞாயிறு தனியாக எங்காவது நடந்துவிட்டு வருகிறேன். எங்கள் பக்கம் ஏறுவதற்கு மலை கிடையாது. கண்மாய்க்கரைதான் உயரமான இடம். அதில் ஏறி நின்றால் கரிசல் காடு மொத்தமும் தெரியும். எனக்கு அது போதும்.

கூட வரவா என்று என் கணவர் ஆரம்பத்தில் கேட்டதுண்டு. பேச்சுத்துணை வேண்டாம் என்றுதானே போகிறேன் என்றேன். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.

போன கார்த்திகையில் நல்ல மழை. திருச்சுழிப் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் கலுங்குச் சுவரைத் தாண்டி அருவி மாதிரி விழுகிறது என்று நூல் ஏற்றிவந்த வேன் டிரைவர் சொன்னார். அருவி என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்த ஞாயிறே புளிச்சோறு கட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன்.

இறங்கி நடக்க ஆரம்பித்தால் கரிசல் மண் செருப்பை விடவில்லை. பத்து அடிக்கு ஒரு தடவை நின்று குச்சியால் வழித்துப் போட்டேன். டிவிஎஸ்ஸில் வந்த ஒருவர், "பஸ்ஸ விட்டுட்டீகளா? ஏறுங்க, கொண்டுபோய் விடுறேன்" என்றார். வேண்டாம் என்றதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

கருவேலங்காட்டு ஓரத்தில் ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். என் வயசுதான் இருக்கும். தலையில் துண்டு, கையில் தொரட்டிக் கம்பு.

"ஏத்தா, ஒத்தையில எங்க போற?"

"கம்மாய்க்கு, அக்கா."

"அங்க யாரு இருக்கா?"

"யாரும் இல்ல. சும்மா தண்ணி பாக்கப் போறேன்."

அவள் முகம் மாறிவிட்டது. "வீட்ல சண்டையா?" என்றாள் மெதுவாக.

"இல்லக்கா. எம் புருசன் ரொம்ப நல்லவரு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாக" என்றவள், ஆடுகளைத் திருப்பி என் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள்.

எனக்குக் கோபம் வந்தது. நான் வேகமாக நடந்தால் அவளும் வேகமாக நடந்தாள். நான் நின்றால் இருபது ஆடும் நின்றன. கடைசியில் அவளே கை நீட்டி மறித்தாள். "ஓம் புருசனுக்குப் போனைப் போடு. நான் பேசணும்."

போட்டேன். வேறு வழியில்லை. அவள் விசாரிக்க, ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது. "அவ அப்படித்தாங்க. எங்கயாச்சும் போயி நின்னு பாத்துட்டு வந்துருவா."

"நின்னு பாத்துட்டு? அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்."

"பொம்பளய ஒத்தையில விட்டுட்டு நீங்க என்ன செய்றீக?"

"சோறு ஆக்கிக்கிட்டு இருக்கேன்."

அவள் கம்பைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் கூட வருவதை அவள் விடவில்லை.

கலுங்கு அப்படியொன்றும் உயரமில்லை. என் நெஞ்சளவு இருக்கும். ஆனால் ஒரு பஸ் நீளத்துக்குக் கலங்கிய தண்ணீர் நுரைத்து விழுந்துகொண்டிருந்தது. சாரல் முகத்தில் அடித்தது. பாறை மேல் உட்கார்ந்தோம்.

"இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேண்டாம்."

அவளால் அது முடியவில்லை. ஆடுகளை எண்ணினாள், என் புளிச்சோற்றில் பாதியைத் தின்றுவிட்டு உப்புப் பத்தாது என்றாள், பேசிக்கொண்டே இருந்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் என் காதில் ஒன்றும் விழவில்லை, வாய் அசைவதுதான் தெரிந்தது. ஒரு தடவை மட்டும் என் காதருகே குனிந்து சொன்னாள்: "போன வருசம் ஒரு பிள்ள இப்படித்தான் ஒத்தையில கம்மாய்க்குப் போச்சு, திரும்பி வரல. நான் ஒரு வார்த்த கேக்கல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். மேய்ச்சலை விட்டுவிட்டு, முன்பின் தெரியாத ஒருத்திக்காக அரை நாளாக என்னோடு வந்திருக்கிறாள். இவள் மேல் போய்க் கோபப்பட்டோமே என்றிருந்தது. அப்படியே வெகுநேரம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தோம். தனியாகப் போன நாட்களில்கூட மனசு அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

திரும்பும்போது பஸ் நிறுத்தம் வரை வந்தாள். பஸ் வந்ததும் கண்டக்டரிடம் உரக்கச் சொன்னாள்: "இவுகள அருப்புக்கோட்டையில எறக்கி விடு. நடுவுல எங்கயும் எறக்கிறாத!"

பஸ்ஸே திரும்பி என்னைப் பார்த்தது. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினேன். இரண்டு நிறுத்தம் தள்ளி, ஜன்னல் சீட்டு கேட்ட ஒரு பெரியவருக்கு வழிவிட எழுந்தேன்.

"உக்காருங்கக்கா" என்று ஓடிவந்தார் கண்டக்டர். "ஒங்க ஊரு இன்னும் வரல."