பஸ் டேவிஸின் ரகசியப் பெயர்

பஸ் டேவிஸுக்கு டெய்லோ என்று பெயர் வைத்தபோது அவருடைய அப்பா கஞ்சத்தனம் பார்க்கவில்லை. புனிதர் டெய்லோவின் பெயரில் தென் வேல்ஸில் ஏகப்பட்ட கோயில்கள். லான்டெய்லோ என்று ஓர் ஊரே இருக்கிறது. அவர் இறந்ததும் உடலுக்காக மூன்று கோயில்காரர்கள் மல்லுக்கு நின்றார்களாம். விடிந்து பார்த்தால் மூன்று உடல்கள். ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அப்பேர்ப்பட்ட பெயர் இவரிடம் தங்கவில்லை. ஊரில் பாதிப்பேர் டேவிஸ். ஆகவே தொழிலை வைத்துத்தான் பெயர்: ரொட்டி டேவிஸ், தபால் டேவிஸ், இருபத்தாறு வருடமாக ஸ்டியரிங் பிடித்தவர் பஸ் டேவிஸ். திருமணத்தன்று பாதிரியார் முன்னால் ஒரே ஒருமுறை 'டெய்லோ' என்று சொன்ன மனைவி மென்னாவும் மறுநாளே 'பஸ்'ஸுக்கு மாறிவிட்டாள். நாலு பேர் நடுவில் யாராவது தன் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

ஊர் விழாவின் கவிதைப் போட்டிக்குப் புனைபெயரில்தான் எழுத வேண்டும். பெயர் ஆளைக் காட்டிக்கொடுத்தால் கவிதை தள்ளுபடி. வென்றவரை நடுவர் அந்தப் பெயரால் அழைப்பார். வென்றவர் கூட்டத்தில் எழுந்து நிற்பார். பரிசாக ஓர் ஓக் மர நாற்காலி அவருக்கு. 'கரிக்குருவி', 'மலைக்காற்று' என்று ஒன்பது வருடம் எழுதித் தோற்ற பஸ், இம்முறை 'டெய்லோ' என்று எழுதிப் போட்டார்.

விழா நாளன்று முடிவை அறிவிக்க எக்காளம் ஊதினார்கள்.

"டெய்லோ, எங்க இருந்தாலும் எழுந்து நில்லுங்க," என்றார் நடுவர்.

பஸ் எழுந்தார்.

"உக்காருப்பா பஸ், மறைக்குது," என்றார் பின்வரிசைத் தபால் டேவிஸ்.

"நான்தான் டெய்லோ."

"எப்பலேருந்து?"

இரண்டாமிடம் வந்த ரொட்டி டேவிஸ் துள்ளி எழுந்தார். "சொந்தப் பேர்ல எழுதியிருக்கான். தள்ளுபடி பண்ணுங்க."

"இதான் அவர் பேருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று கேட்டார் நடுவர்.

"இப்பதான் தெரிஞ்சுது."

நடுவர் கூட்டத்தைப் பார்த்தார். "வேற யாருக்காவது தெரியும்னா கை தூக்குங்க. ஒரு கை எழுந்தாலும் நாற்காலி ரொட்டிக்கு."

இருநூறு பேர். ஒரு கையாவது எழாதா என்று பஸ்ஸின் மனம் தவித்தது. எழுந்துவிடக் கூடாதே என்றும் தவித்தது. மென்னா இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

ஊரில் ஒருவருக்கும் தெரியாத பெயர், ஆகவே செல்லும் என்று தீர்ப்பாயிற்று. 'பஸ், பஸ்' என்று கூடமே கைதட்டியது.

வீட்டில் கணப்பருகே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தவரிடம் மென்னா தேநீரை நீட்டினாள்.

"இந்தா, டெய்லோ."

இத்தனை வருடம் காத்திருந்த சொல். பஸ் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார்.

"மெதுவாப் பேசு. பக்கத்து வீட்ல ரொட்டி இருக்கான்."